செலக்ஷன்காரரின் இத்தாலித் தட்டுகள்

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டர். மனைவியின் முழங்காலைப் படம் எடுக்க உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். நான் வெளியே, ஒன்றோடொன்று திருகி வைத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில், என் செருப்பையே பார்த்தபடி இருந்தேன். பினாயில் வாடை. டோக்கன் எண்ணைச் சொல்லும் குரல். அதற்கும் மேலே, கூரையில் இருந்த ஒரு வட்டத் துளையிலிருந்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம் மிக மெல்லிதாக இறங்கியது. டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் கம்பித் தூரிகையால் தடவுகிற சத்தம். அதன் பின்னால் ஒரு கிடார், அடி விழவேண்டிய இடத்தில் விழாமல் அரைக்கணம் தள்ளி விழுகிற கிடார். பிறகு ஒரு பெண் குரல். பாடுவதா பேசுவதா என்று இன்னும் முடிவு செய்யாத குரல்.

எழுந்து நின்றுவிட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இது யாருடைய பாட்டு என்று கேட்டேன். எந்தப் பாட்டு என்றாள். நான் மேலே கைகாட்டினேன். கொஞ்ச நேரம் காதுகொடுத்துவிட்டு, "அது ஏசியோட வாரது சார். சுவிச்சு ஒண்ணுதான். ஏசியப் போட்டா அதுவும் ஓடும்" என்றாள்.

சரிதான். யாரும் கேட்பதற்கென்று செய்த பாட்டு இல்லை அது. லிஃப்டில், ஓட்டல் முகப்பில், பல் பிடுங்கும் இடத்தில், காற்றுக்கு ஒரு நிறம் பூசினாற்போலக் கிடக்கும். அந்த அறையில் இருபது பேர் இருந்தோம். இருபது பேரும் அதற்குள் மூழ்கி உட்கார்ந்திருந்தோம், ஒருவர் காதும் நனையவில்லை. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, கை இரண்டையும் மடியில் வைத்து, பூசை காண்பதுபோலக் கேட்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தார். அவர் வீட்டு மாடியில் நாங்கள் எட்டு வருடம் குடியிருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. வீடு தேடி அலைந்தபோது, புது மாடி, குடிவர ஆளில்லை, தோல் வாடை அடிக்கும் பரவாயில்லையா என்று தரகர் கேட்டார். அந்த மாடி, கீழே குடியிருந்தவருடைய மனைவி இத்தாலியிலிருந்து அனுப்பியதில் எழும்பியது. மிலான் பக்கத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மாள் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இங்கிருந்து போன கன்னியாஸ்திரி ஒருவர் சேர்த்துவிட்டிருந்தார். இரண்டு வருடத்தில் புருஷனையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்திருந்தார். வீட்டை எங்களுக்குக் காட்டிய அன்றே அதைச் சொல்லிவிட்டார். "பேப்பரு வந்தா நான் கெளம்பிருவேன் தம்பி. நீங்கதான் கீழயும் சேத்துப் பாத்துக்கணும்."

ஷாப்பில் அவருக்கு செலக்ஷன் வேலை. பதனிட்ட தோலை மேசைமேல் விரித்துத் தரம் பிரிப்பது. சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தோலைப் பிடித்து, கட்டைவிரலால் ஒருமுறை தள்ளி, இது முள் கிழித்தது, இது உண்ணி கடித்தது, இது வெட்டும்போது கத்தி ஓடியது என்று ஆடு பட்ட பாட்டையெல்லாம் படித்துவிடுவார். படித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுவார். வேலை நேரத்தில் அவரோடு பேச முடியாது என்பார்கள். வேலை இல்லாத நேரத்திலும் அப்படித்தான். அவரால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும். சாப்பிடும்போது பேசமாட்டார். பேசும்போது நடக்கமாட்டார். மணிக்கூண்டுப் பக்கம் போகும்போது எதிரே வந்து ஏதாவது கேட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார், பின்னால் டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

முதல் சிடி வந்தபோது அதைப் போட்டுக் கேட்க அவரிடம் கருவி கிடையாது. விடுமுறைக்கு ஊர் வந்த ஒரு சிஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். ஆரஞ்சும் காப்பி நிறமுமாக வட்டங்கள், நடுவில் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். ஐந்து மாதம் அதை பைபிளுக்குள் வைத்திருந்தார். எடுப்பார், வெளிச்சத்தில் திருப்புவார், வைப்பார். அப்புறம் மதுரை போய் ஒரு பிளேயரும் செங்கல் அளவில் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வந்து, முன்னறையில் அவற்றுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டார். அந்த நாற்காலி பிறகு நகரவே இல்லை.

அட்டையின் பின்னால் இருப்பதைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார். அச்சகத்தில் இருப்பவனுக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்று நினைப்பு. நான் இங்கிலீஷ் மாதிரி படிப்பேன். பெயர்கள் நாக்கில் மாட்டும். எனக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள். ஜாஸ், போசா நோவா, லவுஞ்ச். முதல் இரண்டும் பாட்டின் வகை என்று சொல்லிவைத்தேன். ஒன்று அமெரிக்கா, ஒன்று பிரேசில், இத்தாலிக்காரர்கள் இரண்டையும் எடுத்துப் பிசைந்திருக்கிறார்கள். லவுஞ்ச் என்றால் என்ன என்று விடாமல் கேட்டார். மறுநாள் அச்சகத்து அகராதியில் பார்த்து வந்து சொன்னேன். சாய்ந்து உட்கார்ந்து இளைப்பாறுகிற அறை.

"உக்கார்றதுக்குன்னே ஒரு ரூமா?" என்றார். நெடுநேரம் அதையே யோசித்தார்.

வருடத்துக்கு இரண்டு, மூன்று என்று தட்டுகள் வந்தன. யாராவது சாமியார், யாராவது சிஸ்டர் ஊர் வரும்போது ஒரு கவர் வரும். அதில் ஒரு சோப்பு, ஒரு சாக்லேட் பட்டை, ஒரு சிடி. அவர் சோப்பையும் சாக்லேட்டையும் எங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

பாட்டையும் அவர் தோலைப் போலத்தான் பார்த்தார். நம்பர் போட்டார். எலெக்ட்ரிக் பியானோ வழுக்கிக்கொண்டு போகிற ஒன்றை, "நாப்பா தோலு மாதிரி தம்பி, அம்புட்டு மெதுவு, கை வச்சது தெரியாது" என்றார். புல்லாங்குழலும் சைலபோன் மாதிரி ஏதோ ஒன்றும் சேர்ந்து சிரிக்கிற ஒன்றுக்கு இரண்டாம் நம்பர். கம்ப்யூட்டரில் தட்டிய தாளம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே கனத்தில் போகிற தட்டுகளைக் கேட்டால் முகம் சுருங்கும். "அடியில நல்ல தோலு இருக்கு. மேல பூச்சப் பூசி மறச்சுட்டானுக. கீறல் தெரியக் கூடாதுன்னு பூசுவாங்கல்ல, அந்தப் பூச்சு." ஒரு தட்டில் ஆறாவது பாட்டில், வாயை அடைத்து ஊதுகிற டிரம்பெட் ஒன்று மேலே ஏறும்போது லேசாகப் பிசிறும். அந்த இடம் வரும்போது ஒரு விரலை உயர்த்துவார். "இந்தா. முள்ளு கிழிச்ச எடம்." அதற்காகத்தான் அந்தத் தட்டுக்கு முதல் நம்பர்.

தோலில் கீறல் இருந்தால் கீழ்த்தரம். பாட்டில் கீறல் இருந்தால் மேல்தரம். இதைக் கேட்டதற்கு, தோலு ஆடு செத்த பிறகுதானே வருது தம்பி என்றார்.

பாட்டு ஓடும்போதும் அவர் வேறு எதுவும் செய்யமாட்டார். அந்தத் தெருவில் அது லேசான காரியம் இல்லை. கிணறெல்லாம் உப்பு. குடிதண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும், சில மாதம் அதுவும் தள்ளிப்போகும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் நாற்காலியில் இருக்கும்போது தண்ணீர் வந்துவிட்டது. தெருவே குடத்தோடு ஓடுகிறது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று தண்ணி தண்ணி என்று கத்துகிறார். இவர் சன்னல் வழியாக அவரைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், எழவில்லை. என் மனைவிதான் கீழே ஓடி ஓஸ் குழாயை எடுத்து அவர் தண்ணீர் டிரம்மில் போட்டாள். நாலாவது பாட்டு முடிந்து வெளியே வந்து, "முடியட்டும்னு இருந்தேன் டீச்சர்" என்றார். எதிர்வீட்டு அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றியபடி சொன்னார்: "அம்புட்டுப் பாட்டையும் கொடத்துல புடிச்சு வைங்கண்ணே. நாளைக்கு ஒல வைக்கலாம், மிச்சத்துல வெஞ்சனமும் வைக்கலாம்." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கர்வம் இருந்தது. பெண்டாட்டியிடமிருந்து கடிதம் வருகிறவனின் கர்வம்.

ஆம், அவற்றை அவர் கடிதங்கள் என்றே நம்பினார். அவருடைய அம்மா இறந்த மாதத்தில் வந்த தட்டில் எல்லாமே மெதுவான பாட்டுகள். ஷாப்பில் ஆள்குறைப்பு நடந்து இவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றானபோது வந்ததில், கடைசிப் பாட்டு பாதியில் நின்று மறுபடி தொடங்கும். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் பொறுக்கி அனுப்புகிறாள் என்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று அவளோடு பேசுவார். அங்கே மழையா, இங்கே வெயிலா, பேப்பர் என்ன ஆனது. அவ்வளவுதான். பாட்டைப் பற்றி ஏன் கேட்கக் கூடாது என்று ஒருமுறை நான் கேட்டேன்.

"கடுதாசி வந்துச்சான்னு கேக்கலாம் தம்பி. கடுதாசில என்ன எழுதியிருக்கன்னு எழுதுனவகிட்டயே கேக்கலாமா?"

என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஒருநாள் தெரிந்தது. எங்கள் தெரு முக்கில் அந்தோணியார் கெபி ஒன்று உண்டு, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அவர் சிலை வைத்த சின்னக் குகைக் கோயில். ஜூன் மாதம் நவநாள். ஒன்பது நாளும் சாயங்காலம் ஸ்பீக்கர் கட்டுவார்கள். அந்த வருடம் சவுண்ட் சர்வீஸ்காரனுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தோணியார் இத்தாலியில் இருந்தவர்தானே, அவர் பாஷையில் ஒரு பாட்டுப் போட்டால் என்ன? அந்தத் தெருவில் இத்தாலி என்றால் ரோமாபுரி, ரோமாபுரி என்றால் பாப்பரசர். அங்கிருந்து வருகிற எந்தச் சத்தமும் செபமாகத்தான் இருக்க முடியும். இவரிடம் வந்து கேட்டான். இவர் முதல் நம்பர் தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

நான் போய்ப் பார்த்தேன். கெபியைச் சுற்றி சீரியல் பல்பு. குழல் ஸ்பீக்கரில் கம்பித் தூரிகை சரசரக்க, கிடார் தள்ளித் தள்ளி விழ, அந்தப் பெண் மூச்சும் வார்த்தையுமாக வருகிறாள். பெண்கள் முக்காடு போட்டு நிற்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா கைகூப்பி, கண்மூடி, உதடு அசைய நிற்கிறார். சாக்ஸபோன் குழைந்தபோது ஒரு கிழவர் முழந்தாளிட்டார். இவர் எல்லோருக்கும் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பாட்டை வேறு வேலை செய்யாமல் ஒரு கூட்டமே நின்று கேட்டதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். நானும்தான்.

பிரசங்கம் வைக்க வந்திருந்த சாமியார் ரோமில் ஆறு வருடம் படித்தவர். காரை விட்டு இறங்கியவர், இரண்டடி வைத்துவிட்டு நின்றார். கெபிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. சவுண்ட் சர்வீஸ்காரன் பயந்துபோய் நிறுத்தட்டுமா சாமி என்றான். "ஓடட்டும் ஓடட்டும். அந்தோணியாரும் வருசக்கணக்கா புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்காரு. செத்த நேரம் கால ஆத்தட்டும்" என்றார் சாமியார்.

இவர் அருகே போனார். சாமியாரோடு பேசவேண்டியிருந்ததால் பாட்டுக்குக் காதை மூடிக்கொண்டார் என்பதை அவர் முகமே சொன்னது.

"இதுல என்ன சொல்லுது சாமி?"

"ஒண்ணுமில்லப்பா. கடலோரத்துல ஒரு பொண்ணு நாக்காலியப் போட்டு உக்காந்திருக்கு. இன்னிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லங்குது."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டேதான். முழுப் பாட்டும் அதையேதான் சொல்லுது."

வேறொருவர் என்றால் ஏமாந்துபோயிருப்பார். இவர் அன்றிலிருந்து ஒரு மாதம் மிதந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை தம்பி என்றார். கன்னிவாடியில் காட்டுவேலை செய்து வளர்ந்தவள், சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பாள், இப்போது உட்கார்ந்திருக்கிறாள், அதைச் சொல்லத்தான் இதை அனுப்பியிருக்கிறாள். வயதான நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கடற்கரை எங்கே வரும், மிலானுக்குக் கடலே கிடையாதே என்று வாய்வரை வந்தது. அட்லஸ் பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன். விழுங்கியதற்காக இன்றுவரை என்னை மெச்சிக்கொள்ளவும் முடியவில்லை, திட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

ஆறாவது வருடம் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, ஊர் வந்தார். ஒரு மாத லீவு. சித்திரை வெயிலில் மலைக்கோட்டைப் பாறை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்த நாள்கள். இவர் வீட்டுக்கு வெள்ளையடித்தார். பிரம்பு நாற்காலி இரண்டு வாங்கினார், கை வைத்தது, முதுகு சாய்த்தது. பழைய நாற்காலியைப் பின்னறைக்கு எடுத்துப்போனார். நகராத நாற்காலி நகர்ந்த நாள் அது. இரண்டையும் ஸ்பீக்கருக்கு நேரே, பக்கத்தில் பக்கத்தில் போட்டார். பிறகு ஒன்றை ஒரு சாண் முன்னால் இழுத்தார். மறுபடி பின்னால் தள்ளினார்.

வந்த மூன்றாம் நாள் எங்களைக் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். அக்கா ஒல்லியாக, சிரித்த முகமாக இருந்தார். நரை கூடியிருந்தது. என் மனைவியை டீச்சரம்மா என்று கூப்பிட்டு, வந்த ஐந்து நிமிடத்தில் தெருவின் ஆறு வருடக் கதையையும் வாங்கிவிட்டார். பேச்சுக்கிடையே, பேப்பர் தயாராகிவிட்டது என்றார். அந்த வீட்டிலேயே புருஷனும் பெண்டாட்டியுமாக இருவரை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்களாம். அந்த அம்மாளைத் தூக்கி உட்காரவைக்க, தோட்டம் பார்க்க ஓர் ஆண் வேண்டுமாம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "இவுகளும் வந்துட்டா வேலையப் பகுந்துக்கலாம்ல" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். அவர் கவனம் அதில் இல்லை. எழுந்து பிளேயரில் தட்டைப் போட்டார். கெபியில் ஓடிய அதே தட்டு. வந்து தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்தார். பக்கத்து நாற்காலியில் அக்கா.

கம்பித் தூரிகை சரசரத்தது. கிடார் வந்தது. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா எழுந்துவிட்டார். என் மனைவியோடு பேசிக்கொண்டேதான் எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டூலைத் துடைத்தார். காப்பி டம்ளர்களை நகர்த்தி அடியில் துடைத்தார். சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழ். பேச்சு நிற்கவில்லை. கன்னிவாடியில் தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி முதலில் சிரித்தாள், உக்காருங்கக்கா என்றாள். அக்காவுக்கு அது காதில் விழவில்லை. இரண்டாவது பாட்டு தொடங்கியது. அந்தத் தாளத்துக்கு ஒத்தே கை போய்வந்தது. தரையில் குத்தவைத்துத் துடைத்துக்கொண்டே நகர்ந்து அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"காலத் தூக்குங்க."

அவர் காலைத் தூக்கினார். இரண்டு காலையும், சின்னப் பிள்ளைபோல, தரையிலிருந்து எடுத்து அந்தரத்தில் வைத்துக்கொண்டார். அக்கா அடியில் துடைத்து நகர்ந்தார்.

தூக்கிய காலைக் கீழே வைக்காமலே கையை நீட்டி அவர் பாட்டை நிறுத்தினார். சத்தம் நின்றதும் அக்காவின் கையும் நின்றது. கையிலிருந்த துண்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வீட்ல காலையில போட்டுவிட்டா சாயந்தரம் வரைக்கும் இதான் டீச்சரம்மா ஓடும்" என்றார். "அந்தப் பாட்டி மகனுக்கு இது போடுற கம்பெனியில வேலை. பெட்டி பெட்டியா வரும். வேணாங்கிறத குப்பைக்கு எடுத்து வைப்பான். ஊருக்குப் போற சிஸ்டர்ட்ட ஒண்ணு ரெண்டு குடுத்து விடுவேன், வெறுங்கவரா போக வேணாமேன்னு." பிறகு புருஷனைப் பார்த்து, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்: "இதப் போய்க் கேக்குறீகளா நீங்க?"

"சும்மா. எப்பவாச்சும்" என்றார் அவர்.

அவர் பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதன்பின் அவர் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. குனிந்து அக்காவின் கையைப் பிடித்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே திருப்பி, கட்டைவிரலால் உள்ளங்கையை ஒருமுறை தள்ளினார். வெடிப்புகள் வெள்ளையாக ஓடின. மருந்துத் தண்ணீர் தின்ற விரல்நுனிகள். அக்கா வெடுக்கென்று கையை இழுத்து, "என்ன, செலக்ஷனா?" என்று சிரித்தார். எங்கள் முன்னால் புருஷன் கையைப் பிடித்த வெட்கம் அந்தச் சிரிப்பில். அவர் எந்த நம்பரும் சொல்லவில்லை.

லீவு முடிகிறவரை அந்தப் பேப்பர் மேசைமேல் கிடந்தது. கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ இங்கேயே இருந்துவிடு என்று ஒருமுறை அக்காவிடம் சொன்னாராம். இருந்து என்ன செய்ய, ஷாப்பே பாதி நாள் பூட்டிக்கிடக்கிறதே என்றாராம் அக்கா. கடைசி வாரம் நான் அவரைத் தனியாகப் பிடித்து, அண்ணே, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்ச் சேருங்கள் என்றேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"காலத் தூக்குங்கன்னு சொன்னாள்ல தம்பி. அத எனக்குச் சொல்லல அவ. அங்க தெனமும் யாருக்கோ சொல்றதச் சொன்னா."

அங்கே போனால் அக்காவாவது கூட இருப்பாரே என்றேன்.

"போயி நானும் அந்தப் பாட்டுக்குத் தொடைக்கவா? அங்க ரெண்டு நாள்ல அது எனக்கும் வேலைச் சத்தமாயிரும். எனக்கு இருக்கது அது ஒண்ணுதான்."

கோபம் வந்தது எனக்கு. பெண்டாட்டியை விட்டுப் பதினான்கு பிளாஸ்டிக் தட்டைப் பிடித்துக்கொள்கிற மனிதர். ஆனால் அந்தத் தட்டுகளில்தான் ஆறு வருடம் அந்தப் பெண்டாட்டி கடலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். அதுவும் சரியாக இல்லை. பயந்தார் என்பதுதான் உண்மைக்குக் கிட்டே வருகிறது. கையெழுத்துப் போடாமலே அக்காவை ரயில் ஏற்றிவிட்டு வந்தார்.

அவர் எதைக் காப்பாற்றிக்கொள்ள இருந்துவிட்டாரோ அதுவும் நிற்கவில்லை. அக்கா போன மறுநாள் சாயங்காலம் தட்டைப் போட்டார். மாடியில் எங்களுக்குக் கேட்டது. இரண்டு வரி. நின்றது. மறுபடி முதலிலிருந்து. நின்றது. அதன்பின் அந்த வீட்டில் பாட்டு ஓடவில்லை. ஓட்டிப் பார்த்தால் துடைக்கிற சத்தம்தான் கேட்கிறது தம்பி என்று ஒருநாள் சொன்னார். டிரம்மில் அந்தக் கம்பி போகிறதல்லவா, அது துணி போகிற சத்தம், இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது.

தோலில் ஓர் உண்ணிக் கடியைத் தவறவிடாத விரல். ஆறு வருடம் எந்தப் பூச்சுக்கு அடியில் எதைத் தவறவிட்டோம் என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வாரப் போன் மாதப் போனாயிற்று. தோட்டம் பார்க்க வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று ஒரு தகவல் வந்தது. அக்கா அதன்பிறகு வரவில்லை. ஷாப்பை ஒருநாள் நிரந்தரமாக மூடினார்கள். தட்டுகளை அவர் உடைக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பிரம்பு நாற்காலி இரண்டிலும் காயவைத்த துணி கிடக்கும். வாசலில் நின்று எதிர்வீட்டு அம்மா ஏதாவது கேட்டால் இப்போது நடந்துகொண்டே பதில் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்ய அவருக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மனைவிக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. சாமான்களை மினி லாரியில் ஏற்றினோம். அவரும் கூடமாடத் தூக்கினார். பீரோவை இறக்கும்போது படியில் சுவர் பெயர்ந்ததைப் பார்த்து நான் தயங்கினேன், அது கிடக்குது வாங்க என்றார். மாடியைப் பூட்டி சாவியைக் கையில் கொடுத்தேன். யாரையாவது சீக்கிரம் குடிவைத்துவிடுங்கள் அண்ணே, தனியாக இருக்க வேண்டாம் என்றேன். சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிரைவர் ஆரன் அடித்தான். கைகொடுத்தேன். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் பாட்டுக் கேக்குறேன்னு நீங்களும் டீச்சரும் மேல மெதுவாவே நடப்பீங்க. நிறுத்துனதுக்கு அப்புறமும் அப்பிடியேதான் நடந்தீங்க. நானும் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். இந்த ரெண்டு வருசம் கொஞ்சம் சத்தமா நடந்திருக்கலாம் தம்பி."